பெருந்தொற்றுக்குப் புதுத் தடுப்பூசி: உடனே போடுவதா, பொறுத்துப் பார்ப்பதா, விட்டுவிடுவதா?

2021 மார்ச்சில் தமிழ்நாட்டில் பெரியவர்கள் இருந்த வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுதான். ஊசி போட்டுக்கொள்ளலாமா, கொஞ்ச நாள் போகட்டுமா? கொரோனாவின் முதல் அலை ஓய்ந்திருந்தது. தடுப்பூசியோ ஒரு வருடத்துக்குள் செய்யப்பட்டது. "நாலு பேர் போடட்டும், பார்த்துட்டுப் போடலாம்" என்று சொன்னவர்களை அறியாதவர்கள் என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் மே மாதம் அந்தப் பொறுமைக்குப் பல குடும்பங்கள் கொடுத்த விலை மிகப் பெரியது.

இதே கேள்வி மறுபடியும் வரும். பறவைக் காய்ச்சலாக வரலாம், இன்னும் பெயர் வைக்காத ஒன்றாகவும் வரலாம். பதற்றம் இல்லாத இந்த நேரத்திலேயே நம் முன் இருக்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. வந்த உடனே போட்டுக்கொள்ளலாம். சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம். ஒன்றுக்கு மேல் ஊசிகள் இருந்தால், விரும்பிய ஊசிக்காகக் காத்திருக்கலாம். போடாமலே இருந்துவிடலாம். இந்த நான்கில் எது சரி என்பது ஊசியை மட்டும் பார்த்து முடிவாவதில்லை. நம் வயது என்ன, அந்த வாரம் ஊரில் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டும்தான் விடையை மாற்றுகின்றன என்பது என் கருத்து.

மக்கள் எதற்குப் பயப்பட்டார்கள்

முகாம்களில் பெயர் பதியும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவிய நாட்களில் காதில் விழுந்தவை பெரும்பாலும் வாட்ஸ்அப் வதந்திகள் அல்ல. பிழைப்போடும் உடம்போடும் ஒட்டிய சந்தேகங்கள். "நர்சம்மா, எனக்குச் சுகர் இருக்கு, பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடறேன். எனக்குப் போடலாமா?" என்று ஒரு பாட்டி கேட்பார். "சுகர் இருக்கறதாலதான் பாட்டி நீங்க முதல்ல போட்டுக்கணும்" என்பார் செவிலியர். உடம்பு முடியாதவர்களுக்கு ஊசி ஆகாது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்தது. கொரோனாவில் சர்க்கரை நோயாளிகள்தான் அதிகம் அடிபட்டார்கள் என்பது அவர்களிடம் போய்ச் சேரவே இல்லை.

அடுத்தது கூலி. "போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்குமாமே, வேலைக்குப் போகலைன்னா சோத்துக்கு என்ன பண்றது?" கட்டட வேலைக்குப் போகிறவருக்கு இது நியாயமான கணக்கு. இதற்கு அறிவியல் விளக்கம் பதிலாகாது. மறுநாள் விடுமுறையாக இருக்கும்படி முகாமை வைப்பதுதான் பதில்.

தமிழ்நாடு இந்த மாதிரியான ஒரு காரியத்தைச் செய்தது. 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் அதிகமான ஊசிகள் போடப்பட்டன. அதன் பிறகும் ஒரு பிரிவினர் வராமலே இருந்தார்கள். ஞாயிறன்று கறி சாப்பிடுகிறவர்கள், மது அருந்துகிறவர்கள் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது என்ற நம்பிக்கை பரவியிருந்ததுதான் காரணம். அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியன் இந்தக் காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார். மக்களோடு மல்லுக்கட்டாமல் கிழமையை மாற்றிய அந்த முடிவு எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட மனதைக் கலக்கியது நடிகர் விவேக்கின் மரணம். மக்களுக்குத் தைரியம் வர வேண்டும் என்று 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோரும் பார்க்க கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி காலை இறந்துபோனார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற ஆய்வுக் குழுவின் முடிவு வர அக்டோபர் ஆனது. ஆறு மாதம் அந்தச் சந்தேகம் பதிலில்லாமல் ஊர் ஊராகச் சுற்றியது. தாமதமாக வந்த உண்மை பாதி உண்மைக்குச் சமமாகிவிட்டது.

தமிழ்நாட்டில் சாதாரண காலத்திலேயே நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். வயதானவர்களுக்கு லட்சக்கணக்கில் ஊசி போடும்போது, போட்ட மறுநாள் இறப்பவர்களும் அதில் இருப்பார்கள். எப்போதும் நடப்பதைவிடக் கூடுதலாக நடக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1976 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரே நாளில் பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்ட முதியவர்கள் மூவர் இறந்தபோதும் இதே பீதி கிளம்பியது. சில மாநிலங்கள் ஊசி போடுவதையே நிறுத்தின. ஊசிதான் காரணம் என்பதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை.

பொறுத்துப் பார்த்தது சரியாகிப்போன தருணங்கள்

அந்த 1976ஆம் வருடக் கதையில் பொறுமைசாலிகளின் பக்கம் ஒரு வலுவான வாதமும் இருக்கிறது. நியூ ஜெர்சியில் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் புதுவகைப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. ஓர் இளம் வீரர் இறந்தார். 1918இல் உலகையே உலுக்கிய ஃப்ளூ காய்ச்சலின் பேரழிவு திரும்பி வருகிறதோ என்று பயந்து, அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு நாட்டில் எல்லோருக்கும் ஊசி என்று அறிவித்தார். நான்கு கோடிக்கும் அதிகமானோர் போட்டுக்கொண்டார்கள். நோயோ அந்த ராணுவ முகாமைத் தாண்டிப் பரவவே இல்லை. ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய லட்சத்துக்கு ஒருவருக்கு, கை கால்களைத் தளரச்செய்யும் கில்லன் பாரே என்ற நரம்பு நோய் கூடுதலாக வந்தது. டிசம்பரில் திட்டத்தை நிறுத்தினார்கள். போலியோ சொட்டு மருந்தைக் கொடுத்த ஆல்பர்ட் சாபின், ஊசியைத் தயாரித்துக் கிடங்கில் வையுங்கள், நோய் பரவினால் எடுத்துப் போடலாம் என்று அந்தக் கோடையிலேயே சொல்லிப் பார்த்தார். அவர் சொன்னபடி நடந்திருந்தால் அந்த நரம்பு நோயாளிகள் நலமாக இருந்திருப்பார்கள்.

2009இல் நடந்தது இன்னும் வேதனையானது. பன்றிக் காய்ச்சலுக்கு எதிராக ஐரோப்பாவில் பாண்டம்ரிக்ஸ் என்ற ஊசி கோடிக்கணக்கில் போடப்பட்டது. ஸ்வீடனும் ஃபின்லாந்தும் அரசை நம்புகிற நாடுகள். அங்கே மக்கள் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். 2010 ஆகஸ்ட்டில் அந்த நாடுகளிலிருந்துதான் கெட்ட செய்தி வந்தது. ஊசி போட்ட பிள்ளைகள் சிலர் வகுப்பில், சாப்பாட்டு மேசையில், தங்களை அறியாமல் தூங்கி விழுகிறார்கள். நார்கோலெப்சி என்ற, வாழ்நாள் முழுதும் விடாத நோய். ஃபின்லாந்தில் 4 முதல் 19 வயதுக்குள் ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய 16,000 பேருக்கு ஒருவர் இதனால் பாதிக்கப்பட்டார். போலந்து அரசு அந்த ஊசியை வாங்கவே இல்லை. அப்போது அதைக் கண்டித்தவர்கள் பலர்.

இந்த இரண்டையும் தெரிந்த ஒருவர் "நான் பொறுத்துப் பார்க்கிறேன்" என்று சொன்னால், அவரிடம் அறிவியல் தெரியாதவர் என்று எரிந்து விழுவதில் நியாயமில்லை. அறிவியலே அவருக்கு அந்தக் காரணத்தைக் கொடுத்திருக்கிறது. கோவாக்சினின் மூன்றாம் கட்டச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் ஏறக்குறைய 25,800 பேர். அதில் பாதிப் பேருக்குத்தான் உண்மையான ஊசி. லட்சத்தில் ஒருவருக்கு வரும் ஆபத்து 13,000 பேரிடம் கண்ணில் படாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. உலகத்தின் எந்தத் தடுப்பூசிச் சோதனைக்கும் இந்த எல்லை பொருந்தும். மிக அரிதான பக்கவிளைவு, ஊருக்கே ஊசி போட ஆரம்பித்த பிறகுதான் வெளியே தெரியும்.

பொறுமைக்கு என்ன கிடைக்கிறது, என்ன போகிறது

கடுமையான பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் வந்துவிடுகின்றன. கில்லன் பாரே அப்படித்தான். அஸ்ட்ராஜெனகா ஊசியோடு (நம் ஊரில் கோவிஷீல்டு) வந்த ரத்தம் உறையும் கோளாறும் அப்படித்தான். பிரிட்டனில் 2021 ஜனவரி 4 அன்று அந்த ஊசியைப் போடத் தொடங்கினார்கள். ஏப்ரல் 7 அன்று, இது ஊசியின் மிக அரிதான பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து முகமை அறிவித்துவிட்டது. மூன்று மாதம். நார்கோலெப்சி மட்டும் வெளியே தெரியப் பல மாதம் பிடித்தது; இரண்டு மூன்று மாதம் காத்திருந்தவருக்கு அது தெரிந்திருக்காது. எனவே பொறுமை பெரும்பாலான ஆபத்துகளைக் காட்டிக்கொடுக்கும், எல்லாவற்றையும் அல்ல. வருடக்கணக்கில் பொறுப்பதால் அதைவிடப் பெரிதாக எதுவும் கிடைத்துவிடுவதில்லை.

இழப்பு எவ்வளவு என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையில் 1,17,524 பேரை வைத்துச் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஓர் ஆய்வு செய்தது. 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த ஒரு மாதம். ஊசியே போடாதவர்கள் 17,059 பேர். அவர்களில் 20 பேர் கொரோனாவால் இறந்தார்கள். ஒரு டோஸ் போட்டவர்கள் 32,792 பேர், இறந்தவர்கள் 7. இரண்டு டோஸும் போட்டவர்கள் 67,673 பேர், இறந்தவர்கள் 4.

ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் வயதிலும் உடல்நிலையிலும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே இந்த எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் பார்க்க வேண்டும். இருந்தாலும் வித்தியாசம் கிட்டத்தட்ட இருபது மடங்கு. போடாதவர்களில் லட்சத்துக்கு 117 பேர் என்ற விகிதத்தில் ஒரே மாதத்தில் உயிர் போயிருக்கிறது. இதற்கு எதிர்த்தட்டில் இருப்பது லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவிலான ரத்த உறைவு ஆபத்து. அதுவும் பிரிட்டனின் கணக்கு. கோவிஷீல்டுக்கு இந்திய அரசு 2021 மே மாதம் சொன்ன எண், பத்து லட்சம் டோஸுக்கு 0.61. நம் நாட்டில் பக்கவிளைவுகள் பதிவாகும் லட்சணத்தை வைத்துப் பார்த்தால் உண்மை அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்றே நினைக்கிறேன். பத்து மடங்கு கூட்டினாலும் 117 பக்கத்தில் வராது.

பொறுத்திருப்பவர்கள் மறந்துவிடுகிற இன்னொரு விஷயம் காலம். ஊசி போட்டு இரண்டு மூன்று வாரம் ஆனால்தான் முதல் டோஸுக்கு ஓரளவாவது பலன். அலை கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஓடினால் பாதுகாப்பு வருவதற்குள் அலை தலைக்கு மேல் போய்விடும். 2021 மார்ச் தொடக்கத்தில் கோவிஷீல்டு போட்ட அறுபது வயதுக்காரருக்கு ஏப்ரலிலேயே இரண்டாவது டோஸும் முடிந்திருக்க முடியும். மே நடுவில் முதல் டோஸ் போட்டவருக்கு இடைவெளியை 12 முதல் 16 வாரமாக நீட்டியிருந்தார்கள். இரண்டாவது டோஸுக்கு ஆகஸ்ட் ஆகிவிட்டது. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000க்கும் அதிகமானோருக்குத் தொற்று உறுதியானது. மார்ச்சில் ஆளில்லாமல் கிடந்த முகாம்களில் அப்போது டோக்கன் கிடைக்கவில்லை.

ஒரே ஊசி, மூன்று ஊர், மூன்று முடிவு

ரத்த உறைவுச் செய்தி வந்த அதே ஏப்ரல் மாதத்தில் மூன்று நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால் என் வாதம் விளங்கும். டென்மார்க் ஏப்ரல் 14 அன்று அஸ்ட்ராஜெனகா ஊசியை முழுவதும் கைவிட்டது. அங்கே நோய் கட்டுக்குள் இருந்தது, வேறு ஊசிகளும் கையில் இருந்தன. பிரிட்டன், 30 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் வேறு ஊசி கொடுக்கச் சொன்னது. பிறகு அந்த வயதை 40ஆக உயர்த்தியது. இளையவர்களுக்கு நோயால் வரும் ஆபத்து குறைவு, உறைவு ஆபத்தோ சற்றுக் கூடுதல். இந்தியா தொடர்ந்து போட்டது. இங்கே ஆக்சிஜனுக்கு ஆளாளுக்கு அலைந்த நேரம் அது. ஒரே சான்றை வைத்துக்கொண்டு மூன்று நாடுகளும் எடுத்த முடிவுகள் மூன்றுமே சரி என்பேன். கோபன்ஹேகனில் 25 வயதுப் பெண் அந்த ஊசியை வேண்டாம் என்றது விவேகம். அதே வாரம் சென்னையில் அவருடைய 60 வயது அத்தை அதை வேண்டாம் என்றிருந்தால் அது ஆபத்தான சூதாட்டம்.

ஊசியைத் தேர்ந்தெடுத்துப் போடுவது என்ற மூன்றாவது வழியையும் இதே கண்ணோடு பார்க்கலாம். கோவிஷீல்டுக்கு வெளிநாட்டுச் சோதனை முடிவுகள் முன்பே இருந்தன. காய்ச்சல், உடம்புவலி சற்று அதிகம். கோவாக்சின், செயலிழக்கச் செய்த முழு வைரஸைக் கொண்டு செய்யப்படும் பழைய முறை. அதனாலேயே பலருக்கு அதன்மேல் நம்பிக்கை. ஆனால் 2021 ஜனவரி 3 அன்று அனுமதி கொடுத்தபோது அதன் மூன்றாம் கட்ட முடிவு வந்திருக்கவில்லை. போட்டுக்கொள்பவர்களிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மக்களின் தயக்கத்துக்கு அந்த அவசர அனுமதியே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பிறகு 77.8 சதவீதப் பலன் என்று முடிவு வந்து ஊசி தன் தரத்தை நிரூபித்தது, ஆனால் போன நம்பிக்கை உடனே திரும்பவில்லை. வெளிநாடு போகிற மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல்: கோவாக்சினை உலக சுகாதார நிறுவனம் அங்கீகரிக்க நவம்பர் 3 ஆனது. 2021இல் தனியார் மருத்துவமனையில் கோவிஷீல்டுக்கு அதிகபட்சம் 780 ரூபாய், கோவாக்சினுக்கு 1,410 ரூபாய் என்று விலையும் வேறாக இருந்தது.

நோய் தணிந்திருக்கிறது, இரண்டும் கிடைக்கின்றன, வயது நாற்பதுக்குள் என்றால் உறைவு ஆபத்து இல்லாத ஊசியைக் கேட்டு வாங்குவதில் தப்பில்லை. அலை ஏறும்போது பெயர் பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

2024 மே மாதத்தில், ரத்த உறைவு வரலாம் என்று லண்டன் நீதிமன்றத்தில் அஸ்ட்ராஜெனகா "கம்பெனியே ஒப்புக்கொண்டுவிட்டது" என்ற செய்தி இங்கே பரவி, கோவிஷீல்டு போட்டவர்கள் பலர் நடுங்கிப்போனார்கள். அந்த ஆபத்து 2021 ஏப்ரலிலேயே உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதுதான். ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும் கோளாறு அது. மூன்று வருடம் கழித்து வருவதில்லை.

போடவே வேண்டாம் என்பவர்கள்

சட்டப்படி அது அவர்கள் உரிமை. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றது அல்ல என்றும், பக்கவிளைவு விவரங்களைப் பொதுவில் வைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முதல் டோஸில் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் போன்ற சிலருக்கு மருத்துவக் காரணமும் உண்டு.

மற்றவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன். ஊசியை மறுப்பதால் ஆபத்தே இல்லாத இடத்தில் நிற்கப்போகிறோமா? பெருந்தொற்று நம் வாசலில் இருக்கும்போது, ஊசி போடாதவர் நோயை நேரடியாக எதிர்கொள்ளத் தேர்ந்தெடுக்கிறார். போட்டவர்கள் இரண்டு வருடத்தில் இறந்துவிடுவார்கள் என்ற வதந்தியைக் காலமே முடித்துவைத்தது. 2022 ஜூலையில் இந்தியாவில் 200 கோடி டோஸ் தாண்டிவிட்டது. இளைஞர்கள் திடீரென இறப்பதற்கு ஊசிதான் காரணம் என்ற பேச்சை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 பெரிய மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. கொரோனாவால் மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், அளவுமீறிய குடி, திடீர்க் கடும் உடலுழைப்பு ஆகியவைதான் கூட்டின.

நாளைக்கு வந்தால்

ஐம்பதைத் தாண்டியவர்கள், சுகர், பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள்: நோய் பரவுகிறது என்பது உறுதியானால், சோதனை முடிவு வெளியான ஊசி எதுவானாலும் முதல் வரிசை. என் வீட்டுப் பெரியவர்களை நான் அங்கேதான் நிறுத்துவேன். நல்ல உடல்நிலையில் இருக்கும் இளையவர்கள், அலை தணிந்திருந்தால், முதல் மூன்று மாதச் செய்திகளைப் பார்த்துவிட்டுப் போகலாம். அந்த மூன்று மாதத்துக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும்; தேதி இல்லாத பொறுமை மறுப்பாக மாறிவிடும். பிள்ளைகளுக்கு, நோய் அவர்களை எவ்வளவு தாக்குகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். 1918இல் இளம் வயதினர்தான் அதிகம் செத்தார்கள். அப்படி ஒரு நோய் வந்தால் நான் மேலே சொன்ன வயதுக் கணக்கு தலைகீழாகிவிடும். 1976 போல நோய் வரலாம் என்ற பயம் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஊசி கிடங்கிலேயே இருக்கட்டும்.

கர்ப்பிணிகளை இந்தக் கணக்கில் யாரும் சேர்க்காமல் விட்டது எனக்கு ஆறாத கோபம். சோதனைகளில் அவர்களைச் சேர்க்கவில்லை. அதனால் விவரம் இல்லை. விவரம் இல்லாததால் அனுமதியும் இல்லை. 2021 ஜூலை 2 அன்று அனுமதி வந்தபோது இரண்டாம் அலையின் உச்சம் கடந்துபோயிருந்தது. பொறுத்திருப்பது அவர்களாக எடுத்த முடிவே இல்லை. அடுத்த முறை சோதனையின் தொடக்கத்திலேயே அவர்களுக்கு இடம் வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது இன்னும் உண்டு. நார்கோலெப்சி வந்த பிள்ளைகளுக்கு ஸ்வீடனும் ஃபின்லாந்தும் இழப்பீடு கொடுத்தன. பிரிட்டனில் 1979 முதலே அதற்குச் சட்டம் இருக்கிறது. 2021இல் இங்கே கோடிக்கணக்கில் ஊசி போட்டபோது அப்படி ஒரு திட்டம் இல்லை. ஊருக்காக ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லும் அரசு, அதில் அடிபடும் அந்த ஒருவரின் குடும்பத்தை நீதிமன்றப் படியேற விடக் கூடாது. 2024இல் பறவைக் காய்ச்சல் ஊசியைப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு உலகிலேயே முதலில் வழங்க முன்வந்த நாடு, நார்கோலெப்சியால் அடிபட்ட அதே ஃபின்லாந்துதான். தப்பு நடந்ததை மறைக்காமல் ஆராய்ந்து, ஈடு கொடுத்த நாட்டால்தான் மக்களிடம் மறுபடியும் ஊசியோடு போக முடிகிறது.

முகாமில் கொடுக்கும் சீட்டில் அடுத்த டோஸ் தேதி மட்டும் இருந்தால் போதாது. போட்ட நாலாம் நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் விடாத கடுமையான தலைவலி, மூச்சுத்திணறல், கால் வீக்கம், நெஞ்சுவலி, தீராத வயிற்றுவலி வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது, எந்த எண்ணுக்குப் பேசுவது என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தால், அதைச் செவிலியர் வாயால் ஒரு தடவை சொல்லவும் நேரம் ஒதுக்க வேண்டும்.